சுற்றுவழி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் கால் வீக்கம் இப்போது எப்படி இருக்கிறது? நீரேற்று நிலையத்தில் பெரியவருக்கு ஷிப்டு மாறிவிட்டதா?

இது ஒரு புலம்பல் கடிதம். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

எங்கள் மூக்குக் கண்ணாடிப் பட்டறையை ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்கு மாற்றிவிட்டார்கள். முன்பு கால் மணி நேர நடை. இப்போது பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் அக்கா, அந்தச் சாலையைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் பஸ்ஸை விட உயரமான சிமெண்ட் சுவர். பின்னால் இருக்கும் வீடுகளுக்கு வண்டிச் சத்தம் கேட்கக்கூடாது என்று எழுப்பினார்களாம். அவர்களுக்குக் கேட்காத சத்தமெல்லாம் எங்கள் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜன்னலோர இடத்துக்கு யாரும் அடித்துக்கொள்ளாத பஸ் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நாள் முழுக்க லென்ஸ் தேய்த்து, ஃப்ரேமில் உட்கார வைத்து, பவர் சரிபார்த்து, அதில் வராத களைப்பு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வருவதில் வந்துவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறேன்: ஏன் விளக்குப் போடவில்லை, ஏன் துணி மடிக்கவில்லை. போன வாரம் உங்கள் செல்ல மகள் கேட்டே விட்டாள். “அம்மா, பஸ்ஸுல வந்த கோபத்த பஸ்ஸுலயே விட்டுட்டு இறங்கக்கூடாதா?” ஒன்பதாவது படிக்கிறது பேசுகிற பேச்சா இது? பெரியம்மா மடியில் வளர்ந்தது வேறெப்படிப் பேசும்.

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் ஏழு வருடம் சண்டையில்லாமல் இருந்தோம் என்றால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை. அண்ணனும் தம்பியும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர்கள். பேச்சுத் துணைக்கு நமக்கு நாம்தானே. காலையில் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போது பாதி தூரம் நானும் கூட வருவேன். அந்த மரச்சாலை இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நாள் முழுக்க ரிக்கார்டு ரூமில் தூசியைத் தின்றுவிட்டு, சாயங்காலம் சிரித்துக்கொண்டு வருவீர்கள். அது எப்படி அக்கா? உங்கள் சாலை இப்போது எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுப் போனுக்குக் கூப்பிடட்டுமா?

பெரியவருக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை

•

ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் மூவரையும் கேட்டதாகச் சொல்கிறார் உன் பெரியவர். அவருக்கு இப்போது பகல் ஷிப்டு. என் கால் வீக்கம் வற்றிவிட்டது. ஓய்வு கொடுத்தால் தானாக வற்றும் என்று அப்போதே சொன்னார்கள்.

கீழ்வீட்டுப் போன் வேண்டாம். அவர்கள் கூடத்தில் நின்று பேசினால் பாதியை முழுங்க வேண்டும். நீ எழுது.

நம் சாலையைக் கேட்டாயே. அப்படியேதான் இருக்கிறது. இது பூக்கும் காலம். கூட்டிப் பெருக்குவதற்குள் போனால் நடைபாதை முழுக்க இளஞ்சிவப்பாகக் கிடக்கும். மிதிக்க மனசு வராமல் பாண்டி ஆடுகிற பிள்ளை மாதிரி தாண்டித் தாண்டிப் போவேன். இஸ்திரிக் கடைக்காரர் நிமிராமலே, “என்ன ரிக்கார்டம்மா, இன்னிக்கு லேட்டா?” என்பார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் இரண்டு பக்க நிழலும் ஒன்றாகிவிடும். அங்கே வந்ததும் தோள் தானாக இறங்கும். நான் சிரித்துக்கொண்டு வந்தேன் என்றால் அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அந்த நிழலில் நடக்கிற பத்து நிமிடம் செய்த வேலை அது.

அதனால் உன் மேலேயே குற்றம் சொல்லிக்கொண்டிருக்காதே. உனக்குக் கெட்ட குணம் வந்துவிடவில்லை. கெட்ட வழி வந்திருக்கிறது. வேறு பஸ் உண்டா என்று விசாரி.

இங்கே வேறு விசேஷமில்லை. குழந்தையின் பேச்சை இரண்டு முறை படித்துச் சிரித்தேன்.

உன் அக்கா

•

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. இங்கே குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை.

உங்கள் கடிதம் கைப்பையில் இருக்கிறது. சுவர் தொடங்கும் இடம் வந்ததும் எடுத்துப் படிப்பேன். தண்ணீர்த் தொட்டி வரும் வரிக்கு வரும்போது எனக்கும் தோள் இறங்குகிறது. கடன் வாங்கிய நிழல்தான், இருந்தாலும் வேலை செய்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மட்டும் அதுவும் வேலை செய்யவில்லை. முன்னால் ஏதோ லாரி பழுதாகி, பஸ் சுவர்களுக்கு நடுவில் நாற்பது நிமிடம் நின்றுவிட்டது. திடீரென்று மூச்சு பாதியோடு நின்றுபோகிற மாதிரி இருந்தது. உள்ளங்கை வேர்த்து, காது அடைத்து, கதவை உடைத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடி எங்கே போவது, அங்கேயும் சுவர்தான். பக்கத்திலிருந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தாள். கண்டக்டர் வந்து, “உங்களுக்கு இந்த ரோடு ஒத்துக்கலம்மா. பழைய ரோட்ல ஏரிப் பக்கமா ஒரு பஸ் போகுது. அரை மணி சுத்து. பரவால்லன்னா அதுல போங்க” என்றார்.

அரை மணி சுற்று என்றால் காலையில் அரை மணி முன்னால் கிளம்ப வேண்டும். சாலையைப் பார்த்து இந்த வயதில் பயப்படுவதாவது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு இந்த மாதிரி எப்போதாவது வந்திருக்கிறதா அக்கா? வந்திருக்காது. உங்கள் மனசு கெட்டி.

பதில் உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கை

•

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். கை வலி, வேறொன்றுமில்லை. குழந்தைக்கு உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா?

ஏரி பஸ்ஸிலேயே போ. அரை மணி நேரத்தைக் கணக்குப் பார்க்காதே. நாளைக்கே மாறிவிடு. அதில் என்னவெல்லாம் வருகிறது என்று நிறுத்தம் நிறுத்தமாக எனக்கு எழுது. எந்த நிறுத்தத்தில் யார் ஏறுகிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, எவ்வளவு நேரம் தெரிகிறது, எல்லாம் வேண்டும். கொழுந்தனிடமும் சொல்லிவிடு. சொல்லாமல் வைத்துக்கொள்ளாதே.

ரிக்கார்டு ரூம் கதை ஒன்று சொல்கிறேன், சிரி. ஒரு ஃபைலைக் காணோம் என்று மூன்று பேர் இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பெரிய டாக்டர் அறையில், ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். எடுத்தால் மேஜை ஆடும், எடுக்காவிட்டால் நோயாளி ஆடிப்போவார். அதே கனத்தில் வேறொரு ஃபைலைத் தேடி வைத்த பிறகுதான் இது கைக்கு வந்தது.

உன் அக்கா

•

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். கை வலிக்குச் சுடுதண்ணீர் ஒற்றடம் கொடுங்கள்.

மாறிவிட்டேன். இரண்டு வாரமாக ஏரி பஸ்தான். பதின்மூன்று நிறுத்தம். முதல் நான்கும் சாதாரணக் கடைத்தெரு. ஐந்தாவதில் தச்சுப் பட்டறை, ஜன்னல் வழியாக மரத்தூள் வாசனை உள்ளே வரும். ஆறாவதில் ஒரு வாத்தியார் ஏறுவார், ஏறியதும் தூங்கிவிடுவார், தன் நிறுத்தத்தில் சரியாக விழிப்பார். ஏழாவதைத் தாண்டி வலது பக்கம் ஏரி தொடங்கும். பதினோராவது வரைக்கும் தண்ணீர்தான், பன்னிரண்டு நிமிடம். கரையோரம் கோரை அறுக்கிறவர்கள் இடுப்பளவு நீரில் நிற்பார்கள். எட்டாவதில் வேலிக்குள் ஒரு கிழட்டுக் குதிரை, தினமும் ஒரே இடத்தில். ஒன்பதில் நாணல். பத்தில் படகு பழுது பார்க்கிற கொட்டகை. நானும் வாத்தியாரும் வலது பக்கத்துக்காரர்கள். இந்த பஸ்ஸில் ஜன்னலுக்குச் சண்டை உண்டு!

வீட்டில் கத்துவது குறைந்திருக்கிறது. இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சம்பளம் ஏத்திட்டாங்களா?” என்றார். அவரிடம் எல்லாம் சொன்னேன். மனசு லேசானது. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் போயிருப்பேன்.

ஆனால் ஒன்று. அந்த மேஜைக் கால் கதையை நான் அங்கே இருந்தபோதே சொல்லிவிட்டீர்கள். புதிதாக ஒன்றும் நடப்பதில்லையா உங்கள் ரிக்கார்டு ரூமில்?

நல்ல செய்தி: உங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினைப் பழுது பார்க்க இவரைத்தான் கம்பெனியில் அனுப்புகிறார்கள், மே முதல் வாரம். அப்படியே ரிக்கார்டு ரூமுக்கு வந்து அண்ணியைப் பார்ப்பதாகச் சொல்கிறார்.

உங்கள் தங்கை

•

ஏப்ரல் 10

அன்புத் தங்கைக்கு,

சுகம். கொழுந்தன் வருவது சந்தோஷம். ஆனால் ரிக்கார்டு ரூமுக்கு வர வேண்டாம். அங்கே வெள்ளையடிக்கிறார்கள், நான் லீவில் இருப்பேன். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வரச் சொல். மறக்காமல் சொல்.

உன் அக்கா

•

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு எப்படி என்று இந்த முறை நான் வழக்கத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

இவர் வந்து இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நான் குடைந்த பிறகு சொன்னார். நீங்கள் வேண்டாம் என்றதை நான் சொல்லியிருந்தேன். ஆனால் எக்ஸ்ரே அறைக்கு அடுத்த வாசல்தானே, கால் தன்னால் போய்விட்டது என்கிறார். வெள்ளையடிக்கவில்லை. உங்கள் நாற்காலியில் ஒரு இளைஞர் இருந்திருக்கிறார். “அந்தம்மா போன செப்டம்பர்லயே நின்னுட்டாங்களே சார். உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாராம்.

பிறகு வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். சாலையில் ஒரு மரம் இல்லையாம். தண்ணீர்த் தொட்டி இல்லை, இஸ்திரிக் கடை இல்லை. ஆறு வழிச் சாலை, நடுவில் இரும்புத் தடுப்பு, குறுக்கே கடக்க ஒரு நடைமேம்பாலம். வீட்டில் நீங்கள் தெருப்பக்க ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் வேலை தலைக்கு மேல் என்று அவரிடம் பேசியிருக்கிறீர்கள். அவர் சாப்பிட்டுவிட்டு, கேட்காமல் வந்துவிட்டார்.

எட்டு மாதம். நான் உங்களுக்கு யாரோவா? கைப்பையில் வைத்துப் படித்தேனே, எங்கே அக்கா அந்த மரமெல்லாம்? எனக்கு மூச்சு நின்றதைச் சொன்னேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னேன். நீங்கள் மேஜைக் கால் கதை எழுதினீர்கள்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை

•

ஜூன் 18

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வீட்டில் பெரியவர் என்று சொல்கிறீர்களே, அந்த நான் எழுதுகிறேன். தம்பியும் குழந்தையும் நலமா? கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள் அம்மா. இது அவளுக்குத் தெரியாது. நீரேற்று நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அவள் படித்தாள். மெத்தைக்குக் கீழே வைத்துவிட்டாள். நாற்பது நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அதனால் தம்பியிடமும் சொல்லவில்லை. என் மேல் கோபப்படுங்கள், அவள் மேல் வேண்டாம்.

அவள் வெளியே போவதில்லை. காய்கறி நான் வாங்குகிறேன். கீழ்வீடு வரைக்கும் இறங்குவாள், அவ்வளவுதான். எங்கேயாவது தண்ணீர் அழுத்தம் குறைந்தால் எந்தக் குழாயில் கசிவு என்று கண்டுபிடிக்கத் தெரியும் எனக்கு. இது எங்கே என்று தெரியவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். கேட்பதை விட்டுவிட்டேன். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

ஏரி பஸ் கடிதத்தை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினாள். எட்டாவது நிறுத்தத்தோடு நிறுத்தி, மீதி நாளைக்கு என்று மடித்து வைத்துவிட்டாள். மறுநாள் ஒன்பதிலிருந்து வாசித்தாள். அதனால் சொல்கிறேன், கோபத்தில் எழுதாமல் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
பெரியவர்

•

ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் மூவரும் சுகம்தானே? இவர் எழுதியதை நேற்று ஒப்புக்கொண்டார். அந்த மனிதர் ஒரு பக்கம் முழுக்க எழுதினார் என்றால் நான் எழுதாமல் இருக்கக்கூடாது.

போன வருடம் பிப்ரவரியில் வெட்டினார்கள். பதினொரு நாள். நான் போகும்போது ஒரு மரம் நிற்கும், வரும்போது அடிக்கட்டை இருக்கும். அதற்காக அழவில்லை. சாலை அகலமானால் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும் என்று நானே மற்றவர்களிடம் சொன்னேன்.

சாலை போட்ட பிறகு நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வெயில் தலையில் விழுந்தது, அது பெரிதில்லை. சத்தம் நாலு பக்கமும். காது ஓரத்தில் வண்டி. ஒதுங்கி நிற்க ஒரு இடம் கிடையாது. முன்பு நடக்கும்போது எதையாவது யோசித்துக்கொண்டு போவேன். இப்போது அடுத்த அடியைத் தவிர வேறு யோசனை ஓடவில்லை. வேலைக்குப் போய்ச் சேரும்போதே நாள் முடிந்துபோன மாதிரி இருக்கும். எண்களை மாற்றி மாற்றி எழுத ஆரம்பித்தேன். ஃபைல் எண்ணை மாற்றி எழுதினால் ஒருவருடைய மருந்து இன்னொருவருக்குப் போகும், தெரியுமல்லவா.

ஒரு நாள் நடைமேம்பாலத்துப் படிகளின் நடுவில் நெஞ்சு அடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போலீஸ்காரர் வந்து, “வீடு எங்கம்மா?” என்றார். வீடு அங்கிருந்து தெரிகிறது. என் வாயில் வரவில்லை. சாப்பாட்டுப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உடுத்திக்கொண்டு வீட்டு கேட் வரைக்கும் போனேன். திரும்பிவிட்டேன். இப்படிப் பத்தொன்பது நாள். அப்புறம் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி டாக்டர் வயது அப்படி என்று டானிக் கொடுத்தார். மரம் வெட்டினதுக்காக வேலையை விட்டவள் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? கால் உடைந்தால் கட்டுப் போட்டுக் காட்டலாம்.

நீ ஜனவரியில் சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டாய். இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வேறு மாதிரி எழுதிவிட்டது. எழுதும்போது நான் அதில் நடந்தேன். செப்டம்பருக்குப் பிறகு நான் வெளியே போனது அன்றைக்குத்தான்.

உனக்கு மூச்சு நின்றதைப் படித்தபோது பயந்துவிட்டேன். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. அதைச் சொல்லியிருந்தால், அக்காவைப் போல் ஆகிவிடுவோமோ என்று நீ நினைத்திருப்பாய். அதனால்தான் ஏரி பஸ்ஸில் போ என்று மட்டும் எழுதினேன். கை வலி எதுவும் இல்லை.

கோபம் இருந்தால் இருக்கட்டும். எழுது.

உன் அக்கா

•

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமெல்லாம் போய்விட்டது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பட்டறையில் ஆறு நாள் லீவு தருகிறார்கள். தனியாக வருகிறேன். குழந்தைக்குப் பரீட்சை, இவர் பார்த்துக்கொள்வார். அந்தப் பெரிய சாலைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போகமாட்டேன், சத்தியம். என்னையே அந்தச் சுவர்ச் சாலைக்குத் திரும்பப் போ என்றால் நான் போகமாட்டேன். அச்சகத்துக்குப் பின்னால் ஒரு சந்து ஆஸ்பத்திரிப் பின்வாசல் பக்கம் போகும் என்று முன்பு சொல்வார்கள். அது எங்கே போய் முடிகிறது என்று பார்ப்போம். முடியாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பேசுவோம். ஏழு வருடம் அதைத்தானே செய்தோம்.

தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை

•

செப்டம்பர் 4

அன்புத் தங்கைக்கு,

நீ சௌகரியமாகப் போய்ச் சேர்ந்தது கொழுந்தன் கடிதத்தில் தெரிந்தது. குழந்தை பரீட்சை நன்றாக எழுதினாளா?

நீ போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. முதல் இரண்டு வாரம் நான் இறங்கவே இல்லை. இவரிடம் கால் வலி என்றேன். அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார். உன்னோடு நடந்த ஆறு நாளும் உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். பிடிக்க ஒன்றுமில்லாமல் கை என்ன செய்யும் என்று தெரியவில்லை.

போன புதன்கிழமை குடையை எடுத்துக்கொண்டேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, பிடித்துக்கொள்ளத்தான். அச்சகத்துச் சந்து, அதற்குப் பின்னால் அட்டைப்பெட்டிக் குடோன், பள்ளிக்கூடத்துப் பின்சுவர். நாம் நின்று பார்த்த அந்தக் குறுகலான வளைவில் ஒரு வேன் எதிரே வந்தது. சுவரோடு ஒட்டி நின்றேன். நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும் என்று நின்றேன். வேன் போய்விட்டது. சந்து மறுபடியும் அமைதியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு முன்பு நம் சாலையில் இருபத்தைந்து நிமிடம், இப்போது இந்தச் சுற்றில் ஐம்பத்தைந்து.

பின்வாசல் வழியாகப் போய் ரிக்கார்டு ரூம் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அந்த இளைஞர் அலமாரிகளை வேறு மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறார். வெளிச்சம் நன்றாக வருகிறது. எனக்கு அது தோன்றாமல் போயிற்று. அவர் நிமிர்ந்தார், என்னைத் தெரியாது, மறுபடி குனிந்துகொண்டார். வேலை கேட்கவில்லை. இனி கிடைக்காது என்பது எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகும் தினமும் போகிறேன். போக ஒரு காரணமும் இல்லை. வீட்டில் இருக்கும் அமைதியும் சந்தில் இருக்கும் அமைதியும் வேறு வேறு என்று மட்டும் தெரிகிறது. நேற்றுக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. புறநோயாளிகள் பக்கம் ஒரு பெஞ்சுக்கு அருகில், உட்காரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். அதில் உட்கார்ந்து யாருக்கோ சீட்டு வாங்கக் காத்திருந்த ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரப் பாக்க வந்தீங்க?”

“யாரயும் இல்ல. சும்மா நடந்து வந்தேன்.”

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவள் மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

உன் அக்கா